கஜானாவுக்குக் காவல்: கேள்வி-பதில்

ஓய்வுபெற்ற கருவூல அதிகாரி, தஞ்சாவூர்

கே: போன இதழில் 'இது காபூல் கணக்கு மாதிரி' என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நைசாக நகர்ந்துவிட்டீர்கள். அதென்ன காபூல் கணக்கு?

ப: கருவூலத்தில் இருந்தவர் விடுவாரா! ஆப்கானிஸ்தானைத் திரும்பக் கட்டுவதற்கென்று 2002 முதல் 2021 வரை அமெரிக்கா மட்டும் ஒதுக்கிய தொகை ஏறக்குறைய 14,500 கோடி டாலர். ரூபாய் இல்லை, டாலர். போர்ச் செலவு இதில் சேராது. இந்தப் பணத்துக்குக் காவலாக 2008-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தனித் தணிக்கை அலுவலகத்தை உண்டாக்கியது. சுருக்கப் பெயர் 'சிகார்'. சுருட்டு இல்லை, சுருட்டியவர்களைத் தேடிய ஆபீஸ். பணம் புறப்பட்டது 2002-இல், காவல்காரர் வேலைக்குச் சேர்ந்தது 2008-இல். நடுவே ஆறு வருஷம் கதவு திறந்தே கிடந்தது. என் கிண்டல் அதைத்தான் சொன்னது.

*

கல்லூரி மாணவி, சேலம்

கே: மொத்தத்தில் எவ்வளவு போயிருக்கும்?

ப: சிகார் 2020-இல் காங்கிரசுக்கு ஒரு கணக்கு கொடுத்தது. அதுவரை சோதித்துப் பார்த்த 6,300 கோடி டாலரில் 1,900 கோடி வீணாகவும் மோசடியாகவும் துஷ்பிரயோகமாகவும் போயிருந்தது. நூற்றுக்கு முப்பது. சோதிக்காத பணத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

*

கட்டட மேஸ்திரி, விருதுநகர்

கே: வீணானது என்றால் எப்படி? கட்டாமலே பில் போட்டுவிட்டார்களா?

ப: கட்டாமல் பில் போடுவது பழைய வித்தை. கட்டிப் பில் போட்டு, கட்டியது கரைந்து போனால்? வார்தாக் மாகாணத்தில் சிறப்புக் காவல் படைக்குப் பயிற்சிக்காக ஒரு மாதிரிக் கிராமம் கட்டினார்கள். வீடு வீடாகப் புகுந்து தேடும் ஒத்திகை பார்ப்பதற்கு. செலவு நாலரை லட்சம் டாலருக்கு மேல். செங்கல்லில் மணல் அதிகம், களிமண் குறைவு. நாலு மாசம் ஆகவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, சுவர் கரைய ஆரம்பித்தது. தணிக்கைக்காரர்களே 'உருகும் கட்டடம்' என்றுதான் எழுதினார்கள். செங்கல்லைத் தட்டினால் வருகிற சத்தத்திலேயே நீங்கள் தரத்தைச் சொல்லிவிடுவீர்கள். அங்கே தட்டிப் பார்க்க ஆள் இல்லை, கையெழுத்துப் போட ஆள் இருந்தது.

இன்னொன்று. ஹெல்மாந்து பாலைவனத்தில் ராணுவத் தலைமையகத்துக்கென்று 64,000 சதுர அடியில் ஒரு கட்டடம். 3.6 கோடி டாலர். அங்கிருந்த தளபதியே 2010-இல் 'எனக்கு இது வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார். மேலே இருந்தவர் பணம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது என்று சொல்லிக் கட்டவைத்தார். கட்டி முடித்தார்கள், ஒருவரும் குடிபோகவில்லை. நம் ஊரில் மார்ச் 31-க்குள் பணத்தைத் தீர்க்க, நல்ல சாலையைச் சுரண்டிப் போட்டு மறுபடி தார் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு நிதியாண்டு முடிவது செப்டம்பர் 30. தேதிதான் வேறு.

*

தையல்காரர், திருப்பூர்

கே: என் தொழில் சம்பந்தமாக ஏதாவது உண்டா?

ப: உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. ஆப்கன் ராணுவச் சீருடைக்கு அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் இன்டர்நெட்டில் டிசைன் பார்த்து ஒன்றைத் தேர்வு செய்தார். அடர்ந்த பச்சைக் காட்டுக்குள் ஒளிந்துகொள்ளத் தோதான டிசைன். நாட்டில் காடு எவ்வளவு? நூற்றுக்கு இரண்டு. மீதியெல்லாம் மண்ணும் பாறையும். போதாக்குறைக்கு அது ஒரு தனியார் கம்பெனிக்குச் சொந்தமான டிசைன் என்பதால் விலையும் கூடுதல். அமெரிக்கர்களிடம் சும்மா கிடைத்த டிசைன்களை விட்டு இதை எடுத்ததில் 2.8 கோடி டாலர் வரை கூடுதல் செலவு. பொட்டல் காட்டில் பச்சைச் சட்டையோடு நிற்கும் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். எதிரிக்கு அதைவிட வசதி ஏது?

*

பழைய இரும்புக் கடைக்காரர், மதுரை

கே: விமானத்தை எடைக்குப் போட்டார்கள் என்கிறார்களே, நிஜமா?

ப: நிஜம். இத்தாலியத் தயாரிப்பான ஜி-222 சரக்கு விமானங்கள் 20. திட்டச் செலவு 48.6 கோடி டாலர். உதிரி பாகம் கிடைக்காமல், பறந்ததைவிட நின்ற நேரமே அதிகம். 2014-இல் காபூலில் நின்ற 16 விமானங்களை நொறுக்கிப் பவுண்டு ஆறு சென்ட் விலையில் போட்டார்கள். மொத்தமாக வந்தது 32,000 டாலர். உங்கள் கடைக்கு வந்திருந்தால் பேரம் பேசாமலே நல்ல விலை கிடைத்திருக்கும்.

*

கூட்டுறவு வங்கி எழுத்தர், ஈரோடு

கே: காபூல் வங்கி என்று ஒன்று திவாலானதாகப் படித்தேன். வங்கிக்காரன் என்ற முறையில் விவரமாகத் தெரிந்துகொள்ள ஆசை.

ப: விவரமாகவே சொல்கிறேன், டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

2004-இல் ஆரம்பித்த தனியார் வங்கி. நிறுவனர் ஷேர்கான் ஃபர்னூத். ஹவாலாக்காரர். 2008-இல் லண்டனில் நடந்த உலகப் போக்கர் போட்டியில் ஜெயித்துத் தங்கக் காப்பு வாங்கியவர். சீட்டாட்டத்தில் உலக அளவில் பரிசு வாங்கியவரிடம் ஒரு நாட்டின் போலீஸ், ஆசிரியர், சிப்பாய் என்று அரசு ஊழியர்களில் பெரும்பாலோரின் சம்பளக் கணக்கைக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சம்பளம் வந்ததோ வெளிநாட்டு உதவியில். சேமிப்புக் கணக்கு தொடங்கினால் குலுக்கலில் பரிசு என்றதும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

உள்ளே இரண்டு கணக்கு. காபூலில் இருந்தது காட்டுகிற கணக்கு. நிஜக் கணக்கு துபாயில், ஃபர்னூதின் ஹவாலா கடையில். கடன் வாங்கியவர் பெயர் என்று பார்த்தால் இல்லாத கம்பெனிகள். அந்தக் கம்பெனிகளுக்கான ரப்பர் ஸ்டாம்புகள் நூற்றுக்கும் மேல் வங்கிக்குள்ளேயே இருந்தன. கடன் கேட்பவர் ஸ்டாம்புக்குக்கூட அலைய வேண்டாம், வங்கியே குத்திக்கொள்ளும். வங்கிக்காரர்கள் கைக்குள் இருந்த பாமிர் விமானக் கம்பெனியின் சாப்பாட்டுத் தட்டுகளில் நோட்டுக்கட்டுகளை வைத்து வெளியே அனுப்பியதாகப் பின்னால் நடந்த தடயத் தணிக்கை சொன்னது. அதே பணத்தில் துபாய்ப் பனைமரத் தீவில் பங்களாக்கள்.

2010 செப்டம்பரில் விஷயம் கசிந்தது. ஜனங்கள் கவுன்டரை முற்றுகையிட்டார்கள். போன தொகை 93.5 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போனது 19 பேருக்கும் கம்பெனிகளுக்கும். பங்குதாரர் பட்டியலில் அதிபர் கர்சாயின் அண்ணன் மஹ்மூத் கர்சாய், துணை அதிபரின் தம்பி ஹசீன் ஃபஹீம். இந்த வங்கி நடந்த காலமெல்லாம் மத்திய வங்கிக்குள் அமெரிக்கச் செலவில் ஆலோசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மத்திய வங்கி கவர்னர் அப்துல் காதிர் ஃபித்ரத் 2011 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பெயர்களை வாசித்தார். ஜூனில் உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்து ராஜினாமா செய்தார். பணத்தை எடுத்தவர்கள் ஊரில் இருந்தார்கள், பெயரைச் சொன்னவர் ஊரைவிட்டே போனார்.

*

அதே எழுத்தர், அதே ஈரோடு (தபாலில் இரண்டாவது தாள்)

கே: தண்டனை?

ப: 2013-இல் ஃபர்னூதுக்கும் தலைமை நிர்வாகி ஃபெரோசிக்கும் ஆளுக்கு ஐந்து வருஷம். அடுத்து வந்த அதிபர் அஷ்ரஃப் கனி வழக்கைத் திரும்பத் திறந்ததும் தண்டனை கூடியது. ஆனால் 2015 நவம்பரில், சிறையில் இருக்க வேண்டிய ஃபெரோசி, காபூலில் ஒரு நவீன நகரத் திட்டத்துக்கு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போடுவதாகப் படம் வந்தது. கூச்சல் எழுந்து ஒப்பந்தம் ரத்து. ஃபர்னூத் 2018-இல் சிறையில் இறந்தார். அந்த ஒரு கணக்கு மட்டும் முடிந்தது.

*

சட்டக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

கே: லஞ்ச ஒழிப்புத் துறை என்று ஒன்று இல்லாமலா போயிற்று?

ப: ஒன்றா? எண்ணிக்கொள்ளுங்கள். 2004-இல் ஒரு லஞ்ச ஒழிப்பு நிர்வாகம். 2007-இல் அதன் தலைவராக வந்தவர், இருபது வருஷம் முன்பு லாஸ் வேகாஸில் ஹெராயின் விற்ற வழக்கில் சிறைக்குப் போனவர் என்று பத்திரிகைகள் தோண்டி எடுத்தன. பாலுக்குப் பூனை காவல் என்று நாம் சும்மா சொல்வோம், அங்கே நியமன ஆணையே போட்டார்கள். 2008-இல் அதைக் கலைத்து ஓர் உயர் மேற்பார்வை அலுவலகம். பிறகு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் தனிப் பிரிவு. உள்துறையில் பெருங்குற்றப் பிரிவு. 2016-இல் லஞ்ச வழக்குகளுக்குத் தனி நீதி மையம். 2020-இல் ஆணையம். வெளிநாட்டுக்காரர்களின் மாநாடு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புதிய போர்டு மாட்டப்படும். போர்டுக்கு எழுதிய பெயின்டருக்கு நல்ல வருமானம் இருந்திருக்கும்.

இத்தனை துறைகளும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க இன்னொன்று: கூட்டுக் கண்காணிப்பு மதிப்பீட்டுக் குழு. 2010 லண்டன் மாநாட்டில் பேசி, கர்சாயின் ஆணையால் வந்தது. மூன்று ஆப்கானியர், மூன்று வெளிநாட்டவர். இவர்கள் துறைகளுக்கு இலக்கும் கெடுவும் வைப்பார்கள், ஆறு மாசத்துக்கு ஒருமுறை 'செய்தது, பாதி செய்தது, செய்யாதது' என்று மார்க் போட்டு வெளியிடுவார்கள். காபூல் வங்கி பற்றி 2012 நவம்பரில் இவர்கள் கொடுத்த அறிக்கையை இப்போது படித்தாலும் துப்பறியும் நாவல் தோற்கும். ஆனால் கைது செய்ய அதிகாரம் கிடையாது, வழக்குப் போடவும் கிடையாது. வாத்தியார் கையில் சிவப்பு மை உண்டு, பிரம்பு இல்லை. பெயில் ஆன பையனின் அப்பாவோ பள்ளிக்கூட முதலாளி. 2020-இல் குழுவையே கலைத்தார்கள்.

*

பெயர் வேண்டாம் என்ற வாசகர், நாகர்கோவில்

கே: தணிக்கை செய்தார்கள், எழுதினார்கள், தெரிந்தது. அப்புறம் ஏன் பணத்தை நிறுத்தவில்லை? இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ப: புரிந்துகொள்ள ஒரே ஒரு நாள் போதும்: 2010 ஜூலை 25. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் இருந்த முகமது ஜியா சலேஹி என்ற அதிகாரியை, அமெரிக்கர்கள் பயிற்சி கொடுத்த பெருங்குற்றப் பிரிவு கைது செய்தது. குற்றச்சாட்டு: ஒரு பெரிய ஹவாலா கம்பெனி மீதான விசாரணையை அமுக்கித் தருவதற்கு, மகனுக்கு ஒரு கார் கேட்டார். போனில் பேசியது டேப்பில் இருந்தது. அன்றைக்கே அதிபர் கர்சாய் தலையிட்டு அவரை வெளியே கொண்டுவந்தார். ஒரு மாசத்தில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது: அதே அதிகாரி சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்குபவர்.

ஆக, அமெரிக்காவின் ஒரு கை அவரைப் பிடிக்கப் போலீசுக்குச் சொல்லிக்கொடுத்தது, மறு கை அவருக்கு மாசச் சம்பளம் கொடுத்தது. இதைத் தணிக்கை அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது? கர்சாயின் அலுவலகத்துக்கு சி.ஐ.ஏ. பையில் ரொக்கம் கொடுத்துவந்தது 2013-இல் வெளியானபோது அவர் மறுக்கவில்லை. ஈரானும் பையில் கொடுக்கிறது என்று 2010-லேயே ஒப்புக்கொண்டவர் அவர். அமெரிக்க ராணுவம் தன் தளபதிகளுக்குக் கொடுத்த கையேடு ஒன்றின் தலைப்பிலேயே பணத்தை ஓர் ஆயுத வகையாகச் சொல்லியிருந்தார்கள். குண்டுக்கு ரசீது கேட்பார் உண்டா?

தணிக்கை தோற்றது கண் தெரியாமல் அல்ல. எந்தத் திருடனைப் பிடித்தாலும் அவன் யாரோ ஒருவருக்கு வேண்டியவனாக இருந்தான். காபூலில் அமெரிக்கத் தூதராக இருந்த ரையன் குரோக்கரே பின்னால் சிகாரிடம் சொன்னார்: எங்களைக் கவிழ்த்தது கிளர்ச்சி இல்லை, ஊறிப்போன ஊழல்தான் என்று. பதவியில் இருந்தபோது இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்கிறேன்.

*

லாரி உரிமையாளர், நாமக்கல்

கே: செக்போஸ்டில் மாமூல் உண்டா அங்கே?

ப: நாமக்கல்லில் இருந்து வேறு என்ன கேள்வி வரும்! அமெரிக்க முகாம்களுக்குச் சரக்கு ஏற்றிப் போக 216 கோடி டாலரில் ஒரு லாரி ஒப்பந்தம் போட்டார்கள். பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்று லாரிக் கம்பெனிகள் தலையில் கட்டினார்கள். கம்பெனிகள் வழியில் இருந்த தாதாக்களுக்குக் கப்பம் கட்டின. தாதாக்கள் வழியாகத் தாலிபானுக்கும் பங்கு போயிருக்க வேண்டும் என்று 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவே எழுதியது. அதாவது, அமெரிக்கச் சிப்பாய்க்குப் போகிற பிஸ்கட்டை வழியில் சுடாமல் இருக்க, அமெரிக்கச் சிப்பாயைச் சுடுகிறவனுக்கு அமெரிக்கப் பணம்.

*

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

கே: எல்லாத் தப்பும் ஆப்கானியர் மேலேயா?

ப: யார் சொன்னது? முகாமில் டீசலை லாரி லாரியாகத் திருடி விற்ற அமெரிக்கச் சிப்பாய்களே தண்டனை வாங்கியிருக்கிறார்கள். சட்டப்படி போனது அதைவிடப் பெரிது. 2008-இல் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று கணக்குப் போட்டது: உதவிப் பணத்தில் நூற்றுக்கு நாற்பது, கம்பெனி லாபமாகவும் ஆலோசகர் சம்பளமாகவும் கொடுத்த நாட்டுக்கே திரும்பிப் போகிறது. வெளிநாட்டு ஆலோசகர் ஒருவருக்கு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலரிலிருந்து ஐந்து லட்சம் வரை. உங்கள் ஆன்சைட் அலவன்ஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

*

தமிழாசிரியை, காரைக்குடி

கே: லஞ்சத்துக்கு அந்த ஊர் பாஷையில் என்ன சொல்வார்கள்?

ப: 'ரிஷ்வத்'. நாசூக்காகக் கேட்க வேண்டுமானால் 'ஷிரீனி', அதாவது இனிப்பு. நாம் 'காபி செலவுக்கு' என்கிற மாதிரி. இன்னொரு சங்கதி உங்களுக்குப் பிடிக்கும்: பெயரில்லாதது என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து வந்ததுதான் நம் 'பினாமி'. 'சிபாரிசு', 'ரசீது' எல்லாம் அந்த வழியாக வந்தவையே. சரக்கு வந்த வழியிலேயே கணக்கும் வந்திருக்கிறது.

*

இல்லத்தரசி, திருவாரூர்

கே: சாதாரண ஜனங்கள் எவ்வளவு கொடுத்தார்கள்?

ப: ஐ.நா.வின் போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகம் எடுத்த சர்வேப்படி, 2009-இல் ஆப்கானியர் கொடுத்த லஞ்சம் 250 கோடி டாலர். ஒரு தடவைக்குச் சராசரி 160 டாலர். தலைக்கு வருஷ வருமானம் 425 டாலர் இருந்த நாட்டில். ஒரு கையெழுத்துக்கு நாலு மாசச் சோறு.

*

காவலர் குடும்பம், வேலூர்

கே: உருப்படியாக எதுவுமே நடக்கவில்லையா சார்? படிக்கப் படிக்க வெறுப்பாக வருகிறது.

ப: நடந்தது, உங்கள் துறையிலேயே. 2009-இல் வார்தாக்கில் ஐம்பது சொச்சம் போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் செல்போனுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தொகையைக் குரலிலேயே சொல்லும் ஏற்பாடு. முதல் மாசம் பணம் வந்ததும் பலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை: சம்பளம் உயர்ந்துவிட்டது என்று. உயரவே இல்லை. அதுவரை மேலே இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்துக்கொண்டு கொடுத்ததுதான் சம்பளம் என்று நினைத்திருந்தார்கள். ஒரு கமாண்டர் லேசில் விடவில்லை. எல்லாரிடமும் போனைப் பிடுங்கிக்கொண்டு தானே ஏஜென்டிடம் போய்ப் பணம் கேட்டார். ஆனால் அதற்குள் ஒவ்வொருவருக்கும் தன் தொகை தெரிந்துபோயிற்று. அந்த ஒரு குரல் செய்தி செய்ததை எத்தனை அறிக்கை செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, கிராமச் சபைகள். 2003-இலிருந்து ஊர்க்காரர்கள் வாக்களித்து ஒரு சபை அமைத்துக்கொண்டால் கிணறோ வாய்க்காலோ வெட்ட நேரடியாக நிதி. வரவு செலவை ஊர் பார்க்க ஒட்ட வேண்டும். குறை இல்லாமல் இல்லை. ஆனாலும் நம்மைவிடத் தேவலை. எங்கள் தெருமுனையில் சாக்கடை கட்டியபோது 'மதிப்பீடு ரூபாய்' என்று போட்டு, தொகை எழுத வேண்டிய இடத்தில் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். போஸ்டரை நகத்தால் சுரண்டிப் பார்க்கப் போன என்னை டீக்கடையில் இருந்தவர்கள் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். அந்த மலைக் கிராமங்களில் இப்படிச் சுரண்டிப் பார்க்கவே ஆட்களைத் தயார்செய்தது 'இன்டெக்ரிட்டி வாட்ச் ஆப்கானிஸ்தான்' என்ற உள்ளூர் அமைப்பு. பள்ளிக்கூடம் எழும்பும்போதே ஊர்க்காரரே போய்ச் சிமென்ட் கலவையைப் பார்ப்பார். மேஸ்திரியை முகத்துக்கு நேரே கேட்பார். நாளைக்கு அந்தக் கூரையடியில் உட்காரப் போவது அவர் பிள்ளை.

*

வடிவேலு ரசிகர், மன்னார்குடி

கே: ஆவிச் சிப்பாய்கள் என்றால் என்ன?

ப: உங்கள் தலைவர் காணாமல் போன கிணற்றுக்குப் புகார் கொடுத்தாரே, அதே கதை. ரெக்கார்டில் உண்டு, நேரில் இல்லை. மூன்று லட்சம் பேர் என்று சம்பளப் பட்டியல் சொன்னது. பெரும்பாலோர் இல்லவே இல்லை என்று 2021-இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு முன்னாள் நிதி அமைச்சர் சொன்னார். தாலிபான் வந்த வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். இல்லாதவன் எப்படிச் சண்டை போடுவான்?

*

விமான நிலைய ஊழியர், மீனம்பாக்கம்

கே: இவ்வளவு ரொக்கம் ஏர்போர்ட்டைத் தாண்டியது எப்படி?

ப: நடந்துதான். காபூல் நிலையத்தில் நோட்டு எண்ணி, நம்பரைப் பதிவு செய்கிற மெஷின்களை அமெரிக்கா வைத்துக் கொடுத்தது. தணிக்கைக்காரர்கள் போய்ப் பார்த்தபோது அவை ஒரு சின்ன அறைக்குள் இருந்தன, இன்டர்நெட் இணைப்பு இல்லாமல். வி.ஐ.பி.கள் அந்தப் பக்கமே வர வேண்டாம், அவர்களுக்குத் தனி வழி. பை இல்லாதவனைச் சோதிக்க நல்ல மெஷின்.

*

தேர்வுக்குத் தயாராகும் இளைஞர், பெரம்பலூர்

கே: சிகார் இப்போது யாரைக் கண்காணிக்கிறது?

ப: ஒருவரையும் இல்லை. 2026 ஜனவரியோடு மூட வேண்டும் என்று சட்டம். 2012-இலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அதன் தலைவராக இருந்தவர் ஜான் சோப்கோ. பொதுஅறிவுத் தாளில் வந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

*

எடைக்கல் கடை, கும்பகோணம்

கே: அதிபர் அஷ்ரஃப் கனி ஹெலிகாப்டரில் மூட்டை மூட்டையாகப் பணம் கொண்டுபோனாராமே?

ப: உங்கள் தராசிலேயே போடலாம். சொல்லப்பட்ட தொகை 16.9 கோடி டாலர். எல்லாம் நூறு டாலர் நோட்டு என்று வையுங்கள், ஒரு நோட்டு ஒரு கிராம். ஏறக்குறைய 1,700 கிலோ. அடுக்கினால் ஏழரை அடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். இரண்டு இரும்பு பீரோவைப் படுக்கவைத்து ஒட்டியது மாதிரி. 2021 ஆகஸ்ட் 15 அன்று அந்த ஹெலிகாப்டர்கள் ஏற்கெனவே ஆட்களால் பிதுங்கிக்கொண்டிருந்தன. விசாரித்த சிகார், போயிருந்தால் ஐந்து லட்சம் டாலர் பக்கம் போயிருக்கலாம், அதுவும் பலர் பைகளில், என்று எழுதியது.

அரண்மனையில் விட்டுப் போனதாகச் சொல்லப்படுவது அதைவிடப் பெரிய தொகை: 50 லட்சம் டாலர். ஹெலிகாப்டர் கிளம்பிய பிறகு, தாலிபான் உள்ளே நுழைவதற்கு முன்னால், அரண்மனைக் காவலுக்கு நின்றவர்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம்.